ஏழரை மணி ஜெபம்: கொங்கு நாட்டுக் கத்தோலிக்க வீடும் பங்கும்

கோவையில் கத்தோலிக்கக் கோயில்களுக்குக் கூட்டம் குறையவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை புலியகுளம் அந்தோணியார் கோயில் பக்கம் போனால் மெழுகுவர்த்தி விற்பவர்களைத் தாண்டி உள்ளே நுழையவே நேரமாகும். வியாழக்கிழமை கோவைப்புதூர் குழந்தை இயேசு கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். அக்டோபரில் கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னையின் தேருக்குச் சோமனூர், அவிநாசி, திருப்பூர் பக்கத்து ஜனமெல்லாம் திரளுகிறது. இதை மட்டும் பார்க்கிறவர் கத்தோலிக்க வாழ்வு முன்னைவிடச் செழிப்பாக இருக்கிறது என்றே சொல்வார். ஆனால் அதே ஊரில் பங்குத்தந்தையரும் அன்பியம் எனும் அக்கம்பக்க வீட்டுக் குழுக்களின் பொறுப்பாளர்களும் மறைக்கல்வி ஆசிரியைகளும் பேசுவது வேறு. வீட்டில் ஜெபம் நின்றுபோகிறது என்கிறார்கள். புதுநன்மை வாங்கப்போகிற பிள்ளைக்கு ஜெபமாலையின் மறைபொருள்கள் வரிசையாகத் தெரிவதில்லை. கேட்டால், வீட்டில் சொல்வதில்லை என்று பதில் வருகிறது.

கூட்டமும் உண்மை, குறையும் உண்மை. இரண்டும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் எப்படி இருக்க முடியும் என்பதே இங்கே கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொங்கு நாட்டில் விசுவாசத்தைத் தாங்கி வந்தது வீடு. பங்கு பிற்பாடு அதன்மேல் எழுந்தது. இன்று வீட்டின் நேரம் அடியோடு மாறிவிட்டது. பங்கு தன் நேரத்தை மாற்றிக்கொள்ளாமல், மாறிய வீட்டைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறது.

தமிழகக் கத்தோலிக்கர் என்றதும் எல்லோருக்கும் கடற்கரைதான் நினைவுக்கு வரும். முத்துக்குளித்துறையில் 1530களில் பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். அங்கே ஊர்தான் பங்கு. கோயில் மணி அடித்தால் ஊர் முழுக்கக் கேட்கும், கேட்டவர் எல்லோரும் வந்தாக வேண்டும். உள்நாட்டில் நிலைமை அப்படி இல்லை. மதுரை மிஷன் சேசு சபைக் குருக்கள் 17ஆம் நூற்றாண்டில் வடக்கே நகர்ந்தார்கள். ராபர்ட் தெ நோபிலி 1623இல் மதுரையை விட்டுச் சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தது அதன் தொடக்கம். அப்படி விழுந்த விதை கொங்கில் சிதறித்தான் முளைத்தது. ஒரு கிராமத்தில் சில வீடுகள், அடுத்த வீடுகளைப் பார்க்க அரை நாள் நடை. குரு வருவது எப்போதோ ஒருமுறை. வந்தால் பாவசங்கீர்த்தனம், பூசை, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம், நிலுவையில் இருந்த கல்யாணங்கள் எல்லாம் சில நாளில் முடியும். அவர் போனபின் அடுத்த வருகை வரைக்கும் உபதேசியாரும் வீட்டு ஜெபமும்தான்.

1773இல் திருத்தந்தை சேசு சபையைக் கலைத்தபோது அந்த எப்போதோ ஒருமுறையும் அரிதாயிற்று. பாரிஸ் வேதபோதக சபையினர் பொறுப்பேற்றார்கள், ஆள் போதவில்லை. மைசூர்ப் போர்கள் நடந்த காலம் வேறு. பத்துப் பதினைந்து ஆண்டுகள் குரு முகமே காணாத இடங்களில் விசுவாசம் அழியாமல் இருந்தது என்றால், சாயங்காலம் விளக்கு வைத்ததும் பிள்ளைகளை உட்காரவைத்து மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்த தாய்மாரும் பாட்டிமாரும்தான் காரணம். இந்த வழக்கத்துக்கு நம் அச்சு வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம், 1578இல் கொல்லத்தில் வெளிவந்த அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்'. அது ஜெபமும் மறைக்கல்வியும் அடங்கிய சின்னப் புத்தகம். வேதத்தை முழுதாக மொழிபெயர்ப்பதற்கு முன்பே வீட்டில் சொல்லவேண்டியதை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். எதை முதலில் செய்யவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கொங்கின் பங்கு அமைப்பு பிறந்த கதையில் ஒரு மனிதரைச் சொல்லாமல் போக முடியாது. மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக் 1842இல் பிரான்சிலிருந்து புதுச்சேரி வந்தார். கோயம்புத்தூர் தனி மிஷனாகப் பிரிந்தபோது அதன் பொறுப்பு அவரிடம் வந்தது. 1846 அக்டோபர் 4ஆம் தேதி கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்றார். அது அக்டோபர் மாத முதல் ஞாயிறு, ஜெபமாலைத் திருநாள் ஞாயிறு. 1850இல் கோயம்புத்தூர் அப்போஸ்தலிக்க விகாரியத்து ஆனது. 1886இல் மறைமாவட்டம் ஆனது. பிரெசில்லாக் அதுவரை இருக்கவில்லை. உள்ளூர்க் குருக்கள் வேண்டும், வெளிநாட்டுக் குருவையே நம்பியிருக்கும் திருச்சபை நிலைக்காது என்பது அவர் பிடிவாதம். சாதி வழக்கங்களுக்கு மிஷனரிகள் எவ்வளவு இடம் கொடுப்பது என்ற கேள்வியில் அவர் மனசாட்சி அமைதி கொள்ளவில்லை. ரோமாபுரியிடம் தெளிவான பதில் கேட்டார். கிடைக்காதபோது பதவியை விட்டார். 1856இல் லியோனில் ஆப்பிரிக்க மிஷன் சபையை நிறுவி, 1859 ஜூன் மாதம் பிரீடவுனில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். 2020இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், அவர் அபிஷேகம் பெற்ற கருமத்தம்பட்டிக் கோயில் பசிலிக்கா ஆனது. சாதிபற்றி அவர் எழுப்பிய கேள்விக்கு நம்மிடம் இன்னும் முழுப் பதில் இல்லை; அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்த தலைமுறையில் கட்டடங்கள் எழுந்தன. பெரிய கடைவீதியில் மிக்கேல் அதிதூதர் பேராலயம், பள்ளிகள், கன்னியர் மடங்கள். ஜோசப் லூயி ராவெல் அடிகளார் 1853இல் கோவையிலேயே தொடங்கிய காணிக்கை மாதா பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவும் மறைக்கல்வியும் சேர்ந்து போனது அவர்கள் பள்ளிகளில். 1948இல் நிர்மலா மகளிர் கல்லூரியைத் தொடங்கியவர்களும் அவர்களே. வீட்டு ஜெபத்தை முன்னின்று நடத்துகிறவர் பெரும்பாலும் அம்மாதான் என்ற நம் ஊர் நிலையை நினைத்தால், பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த இந்த நூற்றெழுபது ஆண்டு வேலை எந்தக் கோபுரத்தையும்விடப் பெரியது.

பிறகு மில் வந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் துரையின் நூற்பாலை தொடங்கியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. கிராமத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மில் வேலைக்காகப் பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம் பக்கம் வந்தன. கோயில் மணிக்குப் பதில் மில் சங்குதான் நாளைப் பிரித்தது. பகல் ஷிப்ட், ஆஃப் நைட், ஃபுல் நைட். அப்பா ஆஃப் நைட் போகிற வாரத்தில் அம்மாவும் பிள்ளைகளும் ஜெபம் சொல்லுவார்கள்; பகல் ஷிப்ட் வாரத்தில் அப்பாவும் சேர்ந்துகொள்வார். ஷிப்ட் கடினமானது, ஆனால் ஒழுங்கானது. எந்த வாரம் யார் வீட்டில் இருப்பார் என்று முன்கூட்டியே தெரியும். அதனால் குடும்பமாக உட்கார்ந்து சொல்லும் இரவு ஏழரை மணி ஜெபம் மில் காலத்தில் தாக்குப்பிடித்தது.

1950களின் நடுவில் பேட்ரிக் பெய்ட்டன் அடிகளார் குடும்ப ஜெபமாலை இயக்கத்தோடு இந்தியா வந்தார். குடும்பமாகச் சேர்ந்து தினமும் ஜெபமாலை சொல்வதாக அவர் கூட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் வாக்குக் கொடுத்தார்கள். அந்த உந்துதலும் மே மாத வணக்கமாதமும் அக்டோபர் ஜெபமாலை மாதமும் சேர்ந்து ஒரு தலைமுறையை உருவாக்கின. இன்று எழுபதைத் தாண்டிய கோவைக் கத்தோலிக்கர் யாரைக் கேட்டாலும் வணக்கமாதப் புத்தகத்திலிருந்து தினம் ஒரு புதுமை வாசித்ததைச் சொல்லுவார்.

இன்றைய வீட்டைப் பார்க்க இனி கோவையின் காந்திபுரத்துக்கு வருவோம். பேருந்து நிலையங்கள், ஆம்னி பஸ்கள், கிராஸ்கட் ரோட்டு ஜவுளிக்கடைகள், நகைக்கடைகள், நூறடி ரோடு, மேம்பாலம். இதற்கு நடுவே எண் போட்ட வீதிகளில் குடியிருப்புகள். இங்கே பாத்திமா அன்னை ஆலயம் இருக்கிறது. சீரோ மலபார் முறையினரின் லூர்து அன்னை ஆலயமும் இருக்கிறது. ஒரே அடுக்குமாடியில் லத்தீன் முறைத் தமிழ்க் குடும்பமும் சீரோ மலபார் மலையாளக் குடும்பமும் அடுத்தடுத்த கதவில் வாழ்வது இங்கே சர்வசாதாரணம். சொந்த வீட்டுக்காரர்கள் குறைந்து வாடகைக்காரர்கள் பெருகிய பகுதி இது. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் கணபதிக்கோ சரவணம்பட்டிக்கோ வீடு மாறுகிறார்கள். வீட்டோடு பங்கும் மாறவேண்டும் என்பது சட்டம். பங்கு என்பது எல்லை வகுத்த நிலப்பரப்பு என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. ஆனால் பல குடும்பங்கள் குடும்ப அட்டையைப் பழைய பங்கிலேயே வைத்திருக்கின்றன. கல்யாண ஓலை வாசிக்கவோ பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்குக் கடிதம் வாங்கவோ போகும்போதுதான் தாங்கள் எந்தப் பங்கு என்ற கேள்வி எழுகிறது.

வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம். காந்திபுரத்து வாடகை வீடு ஒன்றின் முன்னறை; பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும். டிவிக்கு மேலே சுவரில் மரப்பலகைப் பீடம். ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டிருப்பார்கள். நடுவில் திருஇருதய ஆண்டவர் படம், ஒரு பக்கம் வேளாங்கண்ணி மாதா சுரூபம், மறுபக்கம் அந்தோணியார். படத்துக்கு முன்னால் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு இரவும் பகலும் எரியும். படத்தின் பின்னால் குருத்தோலை ஞாயிறன்று சிலுவையாக மடித்த ஓலை காய்ந்து செருகியிருக்கும்; அடுத்த ஆண்டு சாம்பல் புதனுக்கு முன் அது கோயிலுக்குத் திரும்பப் போய்ச் சாம்பலாகி நெற்றிக்கு வரும். வேளாங்கண்ணி எண்ணெய்ப் பாட்டில், மந்திரித்த தண்ணீர், பிள்ளையின் ஹால் டிக்கெட், புது வண்டியின் சாவி, எல்லாம் அந்தப் பலகையில்தான். இறந்துபோன தாத்தாவின் படம் சற்றுக் கீழே தனியாக மாட்டியிருக்கும். சாமி படத்துக்குச் சமமாக மாட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை முல்லைப்பூ, ஊதுபத்தி. பக்கத்து வீட்டு அக்கா சாமி அறையில் வைக்கிற அதே பூக்காரம்மாவின் பூ.

ஜெபம் தொடங்கும் விதமும் நடக்கும் விதமும் எல்லா வீட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். பாட்டி பாயை விரிப்பார். அம்மா அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வருவார். ஐந்து பத்து மணிகளை ஆளுக்கொன்றாகப் பிரிப்பார்கள். "ஏங்கண்ணு, இந்தப் பத்து நீ சொல்றியா?" என்று பாட்டி கேட்டால் கடைக்குட்டிக்கு அது பெருமை. பாட்டி மாதா ஜெபத்தைப் பழைய முறையில் 'பிரியதத்தம்' என்று சொல்ல, பேரப்பிள்ளைகள் பள்ளியில் கற்ற புதிய முறையில் சொல்ல, இரண்டும் கலந்து ஓடும். யாரும் நிறுத்தித் திருத்துவதில்லை. கடைசியில் கருத்துகள்: வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பா, ஆபரேஷன் ஆகப்போகிற மாமா, பரீட்சை, உத்தரிக்கிற ஸ்தல ஆன்மாக்கள். முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பெரியவர்கள் முன் போய் நிற்க, நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிப்பார்கள். அடுத்த கதவு மலையாள வீட்டிலும் சந்தியா ஜெபம் முடிந்ததும் பிள்ளைகள் பெரியவர்களுக்கு ஸ்துதி சொல்லும் வழக்கம் உண்டு. இந்தக் கடைசி ஒரு நிமிடத்தை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பகலில் அடி வாங்கிய பிள்ளைக்கும் சண்டை போட்ட அண்ணன் தம்பிக்கும் அந்த ஒரு நிமிடத்தில் சமாதானம் ஆகிவிடுகிறது. பேசித் தீர்க்கத் தெரியாத குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது, அந்த வழக்கம் நின்றுபோன வீடுகளில் வளர்ந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

இந்த ஏழரை மணி ஏன் உடைந்தது? டிவி என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மறையுரைகளிலும் டிவியும் செல்போனும்தான் குற்றவாளிகள். எனக்கு இது பாதி உண்மையாகவே படுகிறது. டிவி தொடர்கள் பரவிய பிறகும் பல வீடுகளில் ஜெபம் தொடர்ந்தது. எட்டு மணித் தொடருக்கு முன்பே முடித்துக்கொண்டார்கள். உண்மையில் உடைத்தது வேலை நேரமும் படிப்பு நேரமும். கிராஸ்கட் ரோட்டுக் கடையில் விற்பனைக்கு நிற்கிற பெண் இரவு ஒன்பதரைக்கு முன் வீடு திரும்ப முடியாது. சரவணம்பட்டியில் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிற மகன் அமெரிக்க நேரத்துக்கு உட்காருகிறான். பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு ஆறிலிருந்து எட்டரை வரை டியூஷன். மில் ஷிப்டுக்கு இருந்த ஒழுங்குகூட இதற்கு இல்லை. நால்வரும் சேர்ந்து வீட்டில் இருக்கிற ஒரு மணி நேரத்தைத் தேடினால் அது இரவு பத்துக்கு மேல்தான் கிடைக்கும். அப்போது யாருக்கும் கண் திறப்பதில்லை.

ஞாயிறும் தப்பவில்லை. நீட் பயிற்சி, சிறப்பு வகுப்பு, மாதிரித் தேர்வு எல்லாம் ஞாயிறு காலையில் வைக்கிறார்கள். பூசை முடிந்து மறைக்கல்வி வகுப்பு தொடங்கும் நேரத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு மேலான பிள்ளைகள் வண்டியில் ஏறிப் பயிற்சிக்குப் போய்விடுகிறார்கள். பெற்றோரையும் முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை. முதல் தலைமுறையாக ஒரு மருத்துவர் உருவாகட்டும் என்று நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவர்கள் அவர்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கத்தோலிக்க நிர்வாகத்தில் நடக்கிற பள்ளிகளே ஞாயிறு காலையில் வகுப்பு வைத்தால், பிறகு பங்கு மேடையில் யார் எதைப் பேசி என்ன பயன்?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. அந்தச் சிந்தனையிலிருந்து தமிழகத்தில் கிளைத்ததுதான் அன்பியம். இருபது முப்பது வீடுகளைச் சேர்த்து ஒரு குழு, அதற்கு ஒரு புனிதர் பெயர், மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூட்டம். விவிலியம் வாசித்துப் பகிர்ந்துகொள்வது, அந்தப் பகுதியில் நோயாளி யார், வேலை போனவர் யார் என்று பார்ப்பது, ஞாயிறு பூசையைப் பொறுப்பேற்று நடத்துவது அதன் வேலை. மாநகரத்தில் இதைவிட நல்ல அமைப்பு கிடையாது என்பது என் துணிவு. யாரும் யாரையும் அறியாத அடுக்குமாடியில் மூன்றாவது மாடி அம்மா காய்ச்சலில் கிடக்கிறார் என்று ஐந்தாவது மாடிக்குத் தெரியவருவது அன்பியத்தால்தான். இறப்பு வீட்டில் இதன் அருமை இன்னும் தெரியும். தகவல் வந்த அரை மணி நேரத்தில் அன்பியத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்து ஜெபமாலை தொடங்கிவிடுவார்கள். பெட்டி, கல்லறைத் தோட்டம், பூசை நேரம் எல்லாம் மற்றவர்கள் கையில். வீட்டாருக்கு அழுவதைத் தவிர வேறு வேலை இருக்காது.

குறையும் உண்டு. பெரும்பாலான அன்பியங்கள் பெண்களின் கூட்டமாகவே இருக்கின்றன. ஆண்கள் வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கூட்டத்துக்குப் பின் தேநீரும் போண்டாவும் என்று தொடங்கியது சில இடங்களில் இரவுச் சாப்பாடாக வளர்ந்துவிட்டது. அதனால் வாடகை வீட்டுக்காரர்கள் தங்கள் முறை வரும்போது கூச்சத்தோடு ஒதுங்குகிறார்கள். இது ஒரு பங்குப் பேரவைத் தீர்மானத்தில் சரிசெய்யக்கூடியது. கூட்டத்துக்குத் தண்ணீர் போதும் என்று எழுதிவைத்தால் ஏழை வீட்டுக் கதவும் திறக்கும்.

நவநாள் கூட்டத்துக்கு வருவோம். புலியகுளத்தில் செவ்வாய்க்கிழமை நிற்பவர்களில் பலர் கத்தோலிக்கரே அல்லர். குங்குமம் வைத்த நெற்றியோடு மெழுகுவர்த்தி ஏற்றி, தொலைந்தது கிடைக்கவேண்டும், வரன் அமையவேண்டும், கடன் தீரவேண்டும் என்று வேண்டுகிறார்கள். மதம் பார்க்காமல் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்கிற இந்த வரிசையை நான் மதிக்கிறேன். பதற்றங்களைக் கண்ட ஊர் இது, இப்படிப்பட்ட இடங்கள் அதற்கு வேண்டும். கத்தோலிக்கர் தரப்பில்தான் ஒரு கேள்வி. நேர்த்தியும் நவநாளும் ஒரு தேவையிலிருந்து பிறப்பவை. தேவை தீர்ந்ததும் நன்றி சொல்லி முடித்துக்கொள்ளலாம். தனியாகவே போகலாம், நமக்குத் தோதான நாளில் போகலாம். வீட்டு ஜெபம் அப்படி இல்லை. ஒன்றும் வேண்டாத நாளிலும், மனம் ஒட்டாத நாளிலும், கோபமாக இருக்கிற ஆளின் பக்கத்தில் உட்கார்ந்தும் சொல்லவேண்டியது. மாநகர வாழ்க்கைக்கு முதலாவது எளிதாகப் பொருந்துகிறது. இரண்டாவது பொருந்தவில்லை. கோயில் நிரம்புவதும் வீடு காலியாவதும் ஒரே காலத்தில் நடப்பது இதனால்தான். ஒருவர் தன் வேண்டுதலைப் பேருந்து ஏறிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட முடிகிறது. குடும்பமாக உட்கார அவருக்கு நேரம் இல்லை.

வீட்டால் முடியும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 12 பாஸ்கா. கோயில்கள் பூட்டிக் கிடந்தன. அந்த வாரத்தில் பெரிய வியாழனன்று அப்பாக்கள் தட்டில் தண்ணீர் வைத்து மனைவி பிள்ளைகளின் பாதம் கழுவினார்கள். பெரிய வெள்ளியன்று வீட்டு அறைகளிலேயே பதினான்கு ஸ்தலங்களைக் காகிதத்தில் எழுதி ஒட்டிச் சிலுவைப்பாதை நடந்தது. மாதா டிவியிலும் யூடியூபிலும் பூசை பார்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் என் மனதில் நிற்பது அது அல்ல. குருவை எதிர்பார்க்காமல் குடும்பத் தலைவரும் தலைவியும் ஜெபத்தை நடத்தினார்கள். 18ஆம் நூற்றாண்டுக் கொங்குக் கிராமத்து வீட்டில் நடந்தது காந்திபுரத்து வாடகை வீட்டில் மீண்டும் நடந்தது. கோயில் திறந்ததும் பல பங்குகள் செய்த முதல் வேலை, கூட்டத்தைப் பழைய எண்ணிக்கைக்குக் கொண்டுவந்தது. வீட்டில் கற்றதைத் தொடர என்ன செய்யலாம் என்று யோசித்த இடங்கள் குறைவு. நல்ல வாய்ப்பு ஒன்று கை நழுவிப் போயிற்று.

சாதிக்கு வருகிறேன் என்றேன். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவத் தலித்துகள் இன்றும் வெளியே. தமிழகத்தில் அவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். இதன் விளைவு பங்குப் பதிவேட்டில் தெரிகிறது. வீட்டில் ஜெபமாலை சொல்லி, ஞாயிறு பூசைக்கு வந்து, பிள்ளையின் சான்றிதழில் இந்து என்று எழுதியிருக்கும் குடும்பங்கள் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழகக் கிறித்தவர் 44.18 லட்சம், நூற்றுக்கு 6.12 பேர்; இந்த எண்ணுக்குள் அவர்களில் பலர் வராமல் இருக்கலாம். அவர்கள் வீட்டில் பீடம் முன்னறையில் இருக்காது. சமையலறை மூலையில், அலமாரிக் கதவுக்குப் பின்னால் இருக்கும். அரசின் அநீதியை எதிர்த்துத் திருச்சபை பேசுவது சரி. அதே திருச்சபைக்குள் திருவிழாக் கமிட்டியிலும் பங்குப் பேரவையிலும் எந்தத் தெருக்காரர்கள் பெயர் வருகிறது, எவர் வீட்டு அன்பியக் கூட்டத்துக்குக் கூட்டம் குறைகிறது என்றும் பார்க்கவேண்டும். பிரெசில்லாக் பதவியைத் துறந்தது இந்தக் கேள்விக்காகத்தான். அவருக்கு விழா எடுக்கிற மறைமாவட்டம் அவர் கேள்வியையும் எடுத்துக்கொள்ளவேண்டும்.

திருவிழாக்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கொடியேற்றம், நவநாள், தேர்பவனி, வாணவேடிக்கை எல்லாம் சிறப்பாகவே நடக்கின்றன. தென்மாவட்டங்களிலிருந்து கோவைக்குப் பிழைக்க வந்தவர்கள் தங்கள் ஊர்த் திருவிழாவுக்கு விடுப்பெடுத்துப் போகிறார்கள், இங்குள்ள பங்குத் திருவிழாவுக்கு விருந்தாளியாக வருகிறார்கள். தை மாதம் கோயில் வளாகத்தில் பொங்கல் வைத்துத் திருப்பலி நடப்பது இப்படி வந்தவர்களையும் உள்ளூர்க்காரர்களையும் ஒரே அடுப்பு முன் நிறுத்துகிறது. தேரைவிட அது எனக்குப் பிடித்தமானது.

என்ன செய்யலாம்? முழு ஜெபமாலை, ஏழரை மணி, எல்லோரும் முழங்காலில் என்ற பழைய அளவைக் கேட்டுக்கொண்டே இருந்தால் வீடுகள் குற்ற உணர்வோடு ஒதுங்கும். ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடும். ஒரு பத்து மணி, ஒரு வாசகம், நெற்றியில் சிலுவை. ஏழு நிமிடம் போதும். காலையில் பிள்ளை பள்ளி வேனுக்குப் போகுமுன் சொன்னாலும் ஜெபம்தான். துபாயில் இருக்கிற அப்பா வாட்ஸ்அப் வீடியோவில் ஒரு பத்தைச் சொல்லி முடிக்கிற வீடுகள் இப்போதே இருக்கின்றன. அவற்றைக் குறையாகப் பார்க்காமல் ஞாயிறு அறிவிப்பில் எடுத்துச் சொல்லலாம். அன்பியக் கூட்டத்தைக் கடைக்காரப் பெண்களுக்காக இரவு ஒன்பதரைக்கு மேல், அல்லது கடை விடுமுறை நாளில் வைத்துப் பார்க்கலாம். மறைக்கல்விக்கு ஞாயிறு காலையே வேண்டும் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. சனிக்கிழமை மாலைப் பூசை ஞாயிறு கடனைத் தீர்க்கும் என்று சட்டமே சொல்கிறபோது வகுப்பையும் அதனோடு சேர்க்கலாம்.

எல்லாவற்றிலும் அவசரமானது ஒன்று இருக்கிறது. காந்திபுரத்தையும் அதைச் சுற்றியும் விடுதிகளும் பேயிங் கெஸ்ட் வீடுகளும் நிறைந்திருக்கின்றன. தென்காசி, நாகர்கோவில், திண்டுக்கல், அரியலூர் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகள் அங்கே அறைக்கு நான்கு பேராக இருக்கிறார்கள். ஜார்க்கண்ட், ஒடிசா ஆதிவாசிக் கத்தோலிக்கத் தொழிலாளர்களும் நகரத்தின் கட்டட வேலைகளிலும் பட்டறைகளிலும் இருக்கிறார்கள். இவர்களுக்குக் குடும்ப அட்டை கிடையாது, சந்தா கிடையாது, அன்பியம் கிடையாது. பதிவேடு குடும்பத்தைத்தான் எழுதும்; அறையை எழுதாது. ஆகவே பங்கின் கணக்கில் அவர்கள் இல்லை. ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, யாரும் பெயர் கேட்காமல் போய்விடுகிறார்கள். வீட்டு ஜெபத்தோடு வளர்ந்து, அதைச் சொல்ல வீடில்லாமல் இருப்பவர்கள் இவர்கள். விடுதி அறையையும் ஒரு வீடாகப் பதிவேட்டில் எழுத வேண்டும், நான்கு அறைகளைச் சேர்த்தால் ஓர் அன்பியம். அதற்கு மறைமாவட்டத்தின் ஆணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இளையோர் இயக்கத்துப் பிள்ளைகள் இருவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் வாசலில் நின்று பெயரும் ஊரும் தங்கியிருக்கும் வீதியும் கேட்டு எழுதினால், அடுத்த மாதமே முதல் கூட்டத்தை நடத்திவிடலாம்.